மடையை அடைத்துவிட்டு யூரியா போடுங்கள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயல். நெல் என்றால் தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பார் பெரியப்பா. எனக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்தான், அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு, பிறகு தண்ணீர் பாய்ச்சும் முறை. 30 செ.மீ. பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பகுதியில் துளை போட்டு, 20 செ.மீ. மண்ணில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிடுவேன். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கினால்தான் மோட்டார். பூக்கும் சமயத்தில் மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம்; 5 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். (கரண்ட் இலவசம் என்பதால் மோட்டாரை அணைக்க யாருக்கும் மனசு வருவதில்லை, அது தனிக் கதை.)

சரி, உரத்துக்கு வருவோம். சம்பாவில் மழை இருட்டிக்கொண்டு வரும்போது யூரியாவை வீசினால், பாதி வடிவாய்க்காலுக்குப் போய்விடும். அங்கே ஆகாயத்தாமரை கொழுகொழுவென்று வளரும். அப்புறம் வாய்க்கால் அடைத்து வெள்ளம் வடியவில்லை என்று நாமே புலம்புவோம். முதலில் இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை ஒப்பிட, எண் போட்ட பச்சைப் பட்டைகள் உள்ள அட்டை) பாருங்கள்: முழுதாக விரிந்த இளம் இலையை, வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு நிறம் 3-க்குக் கீழே, மற்ற ரகங்களுக்கு 4-க்குக் கீழே போனால்தான் யூரியா. போட்டபின் சில நாள் வடிமடையை (வயல் தண்ணீர் வடியும் வாய்) திறக்காதீர்கள். பக்கத்து வயல்காரரிடமும் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் அவர் மடையை வெட்டிவிட்டுவிடுவார்.