எத்தனை சதவீதம் அசல்?

ஓவியங்களின் படங்களைக் கணினியில் ஆராய்வதுதான் என் வேலை. இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அசலா போலியா என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுமா? சொல்லும், சதவீதம் போட்டுக்கூடச் சொல்லும். அந்தச் சதவீதம் எதைப் பற்றியது என்று கண்டுபிடிப்பதில்தான் எங்கள் நாள் போகிறது.

டி பிரேசி டோண்டோ என்று ஒரு வட்ட வடிவ மடோனா ஓவியம், அதாவது குழந்தை இயேசுவோடு மேரி இருக்கும் ஓவியம், இருக்கிறது. 2023-ல் பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகக் குழு, முகம் அடையாளம் காணும் மென்பொருளைப் போட்டுப் பார்த்து, இந்த மடோனாவின் முகம் இத்தாலிய ஓவியர் ரஃபேலின் சிஸ்டைன் மடோனாவோடு 97 சதவீதம் ஒத்துப்போகிறது என்றது. அதே வருடம் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று, இது ரஃபேல் வரைந்ததல்ல, 85 சதவீதம் உறுதி என்றது. செயற்கை நுண்ணறிவே தனக்குள் அடித்துக்கொள்கிறது என்று பலர் சிரித்தார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் மோதவே இல்லை. முகம் ஒத்துப்போனால் முகம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். நல்ல நகல் எடுப்பவன் மெனக்கெடுவதே அந்த முகம் அச்சு அசலாக வரவேண்டும் என்பதற்காகத்தானே?

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் எடுத்தவுடன் மாடலில், அதாவது படங்களைக் காட்டிப் பழக்கும் நிரலில், கைவைக்கத்தான் ஆசைப்படுவார்கள். நான் முதலில் படத்தைக் கொண்டுவரச் சொல்வேன். அசல் ஓவியங்களை அருங்காட்சியகங்கள் நல்ல வெளிச்சத்தில், வண்ண அட்டை வைத்து, உயர்ந்த தெளிவில் எடுத்திருக்கும். நகல்களின் படமோ பழைய ஏலப் புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்ததாக இருக்கும், இல்லாவிட்டால் யாரோ போனில் எடுத்து அனுப்பியது. இந்த இரண்டு குவியலையும் கொடுத்து வித்தியாசம் கண்டுபிடி என்றால் மாடல் பிரமாதமாகக் கண்டுபிடிக்கும், ஆனால் அது பிரித்துக் காட்டுவது ஓவியர்களை அல்ல, கேமராக்களை. எங்களிடம் ஒரு மாடல் இரண்டு ஓவியர்களைக் கிட்டத்தட்டப் பிழையே இல்லாமல் பிரித்தது. எந்தப் பகுதியைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று வெப்பப்படம் போட்டுப் பார்த்தால், முகம், கை, துணி மடிப்பு எதிலும் சிவப்பே இல்லை, கீழ் விளிம்பு மட்டும் தகதகவென்று எரிகிறது. ஒரு ஓவியரின் படங்களைச் சட்டத்தோடு எடுத்திருக்கிறார்கள். சட்டத்தின் மெல்லிய நிழல் கீழே விழுந்திருக்கிறது. மாடல் அதைப் பிடித்துக்கொண்டது!

அப்புறம் எண்ணிக்கை. மாடல் கற்றுக்கொள்ள நிறையப் படம் வேண்டும். பூனைப் படம் லட்சக்கணக்கில் கிடைக்கும், பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் படம் கிடைக்குமா? அவருடையவை என்று ஏற்கப்பட்ட ஓவியங்கள் மொத்தமே 35-ஐ ஒட்டித்தான். அவற்றிலும் ஒன்றிரண்டு பற்றி இன்னும் சண்டை நடக்கிறது.

எனக்குப் பிடித்த வேலை வேறு, அதில் செயற்கை நுண்ணறிவே கிடையாது. நூல் எண்ணுவது. பழைய கேன்வாஸ்களில் வண்ணத்துக்கு முன்னால் அடிப்பூச்சு ஒன்று போடுவார்கள், பெரும்பாலும் ஈய வெள்ளை கலந்தது. அது நூல்களுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் தடிமனாகத் தங்கிவிடும். ஈயம் எக்ஸ்ரேயைத் தடுப்பதால் பள்ளம் வெளுப்பாகவும் நூல் கறுப்பாகவும் விழும், ஓவியத்துக்கு அடியில் இருக்கும் நெசவு அப்படியே படத்தில் வந்துவிடும். அதைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஃபூரியர் உருமாற்றம் (ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவது எத்தனை முறை வருகிறது என்று காட்டும் கணக்கு) செய்தால், சென்டிமீட்டருக்கு நீளவாக்கு நூலான பாவு எத்தனை, குறுக்கு நூலான ஊடை எத்தனை என்று தனித்தனியாகக் கிடைக்கும். தறியில் நூல் எல்லா இடத்திலும் ஒரே சீராக விழாது, ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் விலகும். அந்த வேறுபாட்டை நிறமாக வரைந்தால் கேன்வாஸ் முழுக்கப் பட்டை பட்டையாகத் தெரியும். இரண்டு ஓவியங்களின் பட்டைகள் வரிசை பிசகாமல் பொருந்தினால் இரண்டும் ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டியவை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள வெர்மீரின் லேஸ் பின்னும் பெண் ஓவியமும், வெகுகாலம் சந்தேகத்தில் கிடந்த வர்ஜினல் என்ற பழைய விசைப்பலகைக் கருவி வாசிக்கும் பெண் ஓவியமும் ஒரே சுருளைச் சேர்ந்தவை என்று இப்படித்தான் தெரியவந்தது. எக்ஸ்ரேயில் விரல் வைத்து மணிக்கணக்கில் எண்ணியவர்கள் செய்த வேலை இது. கணினி அதையே ஓவியம் முழுக்கச் செய்கிறது.

இதுவும் யார் வரைந்தது என்று சொல்லாது. வான் மீகரென் பதினேழாம் நூற்றாண்டுக் கேன்வாஸைச் சுரண்டி அதன் மேல்தான் தன் போலி வெர்மீர்களை வரைந்தார். துணியை மட்டும் கேட்டால் அது அவருக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும். ஜெர்மனியைச் சேர்ந்த போலி ஓவியர் பெல்ட்ராக்கி மாட்டியது படப் பகுப்பாய்வினால் அல்ல, 1914-ல் வரைந்ததாகச் சொன்ன ஓவியத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்ததால். அந்த நிறமி ஓவியர்கள் கைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான்.

அதனால் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே படம் எந்தக் கேமராவில், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தெளிவில் எடுக்கப்பட்டது என்று எழுதிவிடுகிறோம். எதை அளந்தோம், எதை அளக்கவில்லை என்பது அடுத்த பக்கத்தில் வரும். வாங்குகிறவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்ச் சதவீதத்தைத் தேடுவார். இருக்காது. சிலர் கோபித்துக்கொண்டு சதவீதம் தருகிற இடத்துக்குப் போகிறார்கள். போகட்டும், அங்கேயும் முதலில் ஒரு நல்ல படம் கேட்டால் சரி.