கணினியின்படி இன்று 1-1-2009

நவம்பர் 4, 2025

போன் வரவில்லை.

பரண்மேல் கிடந்த நெட்புக்கை இறக்கித் தூசி தட்டினேன். அப்பாதான் கேட்டார். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "இதுல என்ன குறைச்சல்?" என்றார். விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டே கைகழுவிவிட்ட சரக்கு. திரை வர ஏழு நிமிடம் ஆனது. வந்ததே பெரிய விஷயம்.

நவம்பர் 5

ஹார்ட் டிஸ்க் நடுநடுவே 'டிக்' என்கிறது. அடுத்த அறையில் இருந்தாலும் காதில் விழுகிறது. அப்பாவுக்குக் கேட்கவில்லையாம்.

நவம்பர் 6

என் அவசரம். பார்க்க லட்சணமாக இருக்கிறதே என்று விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22ஐ இறக்கிப் பென் டிரைவில் ஏற்றி வைத்தேன். கறுப்புத் திரையில் ஒரே வரி: எனக்கு எக்ஸ்86-64 செயலி வேண்டும், இங்கே இருப்பது ஐ686. அவ்வளவுதான், அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே இருப்பது இன்டெல் ஆட்டம் என்270. 1.6 கிகாஹெர்ட்ஸ், ராம் 1 ஜிபி, பழைய 32 பிட் வகை மட்டும். மின்ட் கேட்ட எக்ஸ்86-64 என்பது 64 பிட். பெயரைத் தேடிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை, ஒரு மாலை போனது.

32 பிட்டுக்குக் கதவு ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். லினக்ஸ் வகைகளில் உபுண்டு 2017இல் 17.10இலேயே 32 பிட் டெஸ்க்டாப்பை நிறுத்திவிட்டது. மின்ட், 19ஆம் வரிசையோடு. இந்த ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது. விண்டோஸ் 11 பேச்சுக்கே இடமில்லை. 10க்கே போன மாதம் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. மிச்சம் இருப்பவை டெபியன் 12, ஆன்டிஎக்ஸ், பப்பி, டைனி கோர் என்ற லினக்ஸ் வகைகள், அப்புறம் லினக்ஸே அல்லாத ஹைக்கு.

நவம்பர் 7

நானே கூப்பிட்டேன். திங்கட்கிழமை சொல்கிறோம் என்றார்கள்.

நவம்பர் 8

நாள் முழுக்க ஒன்று மாற்றி ஒன்று போட்டுப் பார்த்தேன். எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை, எல்லாம் பென் டிரைவிலிருந்தே.

டைனி கோர் இருபத்துச் சொச்சம் எம்பிதான். கண் இமைப்பதற்குள் வந்து நின்றது. ஆனால் தமிழ் எழுத்துரு கிடையாது, கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. எழுத்துரு சேர்த்த பிறகு டெர்மினலில் ஒரு கோப்பின் பெயரைப் பார்த்தால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. எனக்குப் பிடித்தது. அப்பாவிடம் கொடுக்க முடியாது.

ஹைக்குவை ஆசைக்காக ஓட்டினேன். பிஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வாரிசு. சன்னலின் தலைப்புப் பட்டை மஞ்சள் நிறத்தில் சின்னதாக, கோப்பு அட்டையின் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடம் அதை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தேன். வேலை ஒன்றும் நடக்கவில்லை.

பப்பி முழுதாக ராமில் ஏறிக்கொள்கிறது. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டேன், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க்கை அது தொடவில்லை. நான்கு நாளில் முதல் தடவையாக டிக் சத்தம் இல்லை. அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அணைக்கும்போதெல்லாம் 'சேமிக்கவா' என்று கேட்கிறது. அப்பா எது கேட்டாலும் 'இல்லை' என்றுதான் அழுத்துவார்.

இந்தத் திரையின் உயரம் வெறும் 600 புள்ளி. அமைப்புச் சன்னல் எதைத் திறந்தாலும் 'சரி' பொத்தான் கீழே திரைக்கு வெளியே போய்விடுகிறது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சன்னலை மேலே இழுத்தால்தான் கண்ணில் படும். தெரியாமல் அரை மணி நேரம் 'சரி'யைத் தேடியிருக்கிறேன்.

நவம்பர் 9

எதைப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, டிஸ்க்கை முதலில் பார்க்கத் தோன்றவில்லை. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டினேன். படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னத் துண்டுகள், 16. மறுபடி ஓட்டினேன், 24. இன்ஸ்டால் பேச்சை விட்டுவிட்டு பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவில் போட்டேன், வெளி டிஸ்க்குக்கு நகல். அது முதலில் நல்ல இடங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். 160 ஜிபி. ராத்திரி முழுக்க ஓடட்டும்.

நவம்பர் 10

திங்கள். குளிக்கும்போதுகூடப் போன் கைக்கெட்டும் தூரத்தில். வரவில்லை.

நவம்பர் 11

நகல் முடிந்தது. 4 கேபி போயிற்று. எந்தக் கோப்பில் என்று தேடவில்லை.

திரை உடைந்து கிடந்த இன்னொரு லேப்டாப்பின் எஸ்எஸ்டியைக் கழற்றி இதில் மாட்டினேன். சரியாக உட்கார்ந்தது. பாதி வைத்தியம் அதிலேயே ஆகிவிட்டது.

கடைசியில் ஆன்டிஎக்ஸ் 23, 32 பிட். அடியில் டெபியன் 12, மேலே சன்னல்களைக் கவனிக்க ஐஸ்டபிள்யூஎம். ஏறி நின்ற பிறகு 200 எம்பி ராம்கூடச் சாப்பிடவில்லை. அழகு என்று சொல்ல மாட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "என் புல்வெளி எங்க?" என்றார். நகலைத் திறந்து துழாவினேன். விண்டோஸ், வெப், வால்பேப்பர், அதற்குள் பிளிஸ் என்ற பெயரில் அந்தப் பச்சை மேடும் நீல வானமும். எடுத்துப் பின்னணியில் போட்டதும், "இப்ப சரி" என்றார். ஒரு வாரமாக நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்ததெல்லாம் இதற்குத்தானா!

நவம்பர் 12

பிரவுசரில் ஒரு தளமும் திறக்கவில்லை. எல்லாமே பாதுகாப்பற்றதாம். வைஃபை டிரைவரைச் சந்தேகப்பட்டேன், ரௌட்டரைத் திட்டினேன். அப்புறம் மூலையில் பார்த்தால் தேதி 1-1-2009. பலகையில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது, மின்சாரம் எடுத்தால் கடிகாரம் பின்னால் ஓடிவிடுகிறது. அந்தத் தேதியில், தளங்கள் தங்களை நிரூபிக்கக் காட்டும் இன்றைய சான்றிதழ் எதுவும் பிறக்கவே இல்லை, எப்படி நம்பும்?

உடனே திருத்தவில்லை. 2009இல் இந்த வீட்டில் நான்கு பேர்.

சாயங்காலம் திருத்தினேன்.

நவம்பர் 13

அப்பாவின் கோப்புகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. "அழிச்சிட்டியா?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. இல்லை அப்பா, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். நகலிலிருந்து பாமினியை எடுத்து எழுத்துரு அடைவில் போட்டு எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் ஓட்டித் திறந்தேன். தமிழாக நின்றது. பழைய விரல் கணக்கே போதும், விசைப்பலகையில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தார்.

'அம்மா மாத்திரை' என்று ஒரு கோப்பு இருந்தது. அதை அவரும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

நவம்பர் 14

போன் வந்தது. நேரில் வரச் சொல்கிறார்கள், நாளைக் காலை.

பேட்டரியும் வந்துவிட்டது. அடிப்பக்கம் ஒன்பது திருகு, அதில் ஒன்று தேய்ந்திருக்கிறது. வந்து கழற்றிக்கொள்ளலாம். அதுவரை மின்சாரத்தை எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.