கேள்வி கேட்காத ஓவிய வகுப்பு

துயரப்பட்ட பிள்ளையிடம் "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்பதே உதவி என்று பலர் நம்புகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்கிலங்கையில் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் உதவ வந்தவர்களில் பலர் அப்படித்தான் கேட்டார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கதையை ஒரே குரலில் ஒப்புவித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அலையை வரையச் சொல்வதும் விசாரணைதான். கையில் தூரிகையைக் கொடுத்துவிட்டதால் அது கலையாகிவிடாது.

2007 இல், மட்டக்களப்பு நகருக்கு அருகே சுனாமியில் வீடிழந்தவர்களைக் குடியேற்றிய திராய்மடுப் பக்கம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தேன். நாவலடிக் கடற்கரையில் எல்லாவற்றையும் இழந்து அங்கே குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் ஒரு புறம். அந்த மார்ச்சில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டபோது, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வந்து, தரப்பாள் கூடாரங்களில் இருந்த பிள்ளைகள் மறுபுறம். இரண்டு கூட்டமும் ஒட்டவில்லை. "உங்களுக்கு வெள்ளைக்காரர் வீடு கட்டித் தந்தார்கள், எங்களுக்குத் தரப்பாள்தான்" என்றான் ஒருவன். "உங்களுக்கு மாடுதானே போனது?" என்று பதில் வந்தது. நிவாரண வரிசையில் பெரியவர்கள் பேசியதைத்தான் அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். ஆனாலும் கேட்கப் பொறுக்கவில்லை.

இவர்களை வட்டமாக உட்கார வைத்து ஒற்றுமை பற்றிப் பேசச் சொல்லும் யோசனையை நாங்கள் கைவிட்டோம். நீளமான காடாத் துணி ஒன்றை நிலத்தில் விரித்தோம். தலைப்பு கொடுக்கவில்லை. வாங்கிய வர்ணம் சீக்கிரம் தீர்ந்துபோனது. பிறகு மஞ்சள், செங்கல் தூள், அடுப்புக்கரி எல்லாம் சிரட்டைகளில் குழைக்கப்பட்டன. கரி யாரிடம், மஞ்சள் யாரிடம் என்று கேட்டு வாங்கும்போதுதான் முதல் பேச்சுவார்த்தை நடந்தது.

தம்பியைக் கடலுக்குக் கொடுத்த ஒரு சிறுமி, வரும்போதெல்லாம் கிணறு மட்டுமே வரைவாள். சுனாமியில் கரையோரக் கிணறுகளெல்லாம் உப்பேறிப் போயிருந்தன. அதனாலா, வேறு காரணமா என்று நாங்கள் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் இருந்து மாடு வரைந்துகொண்டிருந்த படுவான்கரைப் பையன்தான் எட்டிப் பார்த்து, "வாளி எங்கே தங்கச்சி? எப்படித் தண்ணீர் அள்ளுவது?" என்றான். அவள் பேசவில்லை. அவனே கரியால் ஒரு வாளி போட்டு, கயிறும் வரைந்தான். மறுநாள் அந்தக் கயிற்றை அவள் அவன் மாட்டின் பக்கம் வரை நீட்டிக்கொண்டுபோய், அங்கே ஒரு தொட்டியும் வரைந்தாள். எந்த ஆலோசகரும் அவளிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். அவனுக்குத் தேவைப்பட்டது அவள் கதையல்ல, மாட்டுக்குத் தண்ணீர்.

இது எங்கள் கண்டுபிடிப்பல்ல. 1996 இல் மட்டக்களப்பில் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா', போர் நடந்துகொண்டிருந்தபோதே தமிழ், முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளை ஒரே முற்றத்தில் களிமண்ணோடும் கதையோடும் விளையாட விட்டது. நெருக்கடிக் கால உளநலப் பணிகளுக்காக 2007 இல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகளும், நடந்ததை ஒரே அமர்வில் சொல்ல வைத்துத் துக்கத்தை இறக்கிவிடலாம் என்ற முறையை ஏற்கவில்லை.

கூத்தையும் சொல்ல வேண்டும். கூடாரத்தில் இருந்த ஒரு முதிய அண்ணாவியார் (கூத்துப் பழக்கும் ஆசிரியர்), மத்தளம் இல்லாமல் வாயாலேயே தாளக்கட்டுச் சொல்லி, வடமோடி என்ற கூத்து வகையின் ஆட்டம் பழக்கினார். வட்டக்களரியில், அதாவது கூத்தாடும் வட்ட அரங்கில், பக்கத்தில் ஆடுபவனின் காலைப் பார்க்காமல் ஆட முடியாது. கரையோரப் பையன்களும் தாமாகவே வந்து சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது, பணம் தந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து, "இவ்வளவு கறுப்பு எதைக் குறிக்கிறது?" என்று கேட்டு அறிக்கைக்குக் குறித்துக்கொண்டபோதுதான். அடுப்புக்கரி மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். பிள்ளையின் மனதைப் பிள்ளைக்குத் தெரியாமல் படித்து எழுதிவைக்க யாருக்கும் உரிமையில்லை. துணியைக் கொழும்பில் கண்காட்சிக்கு வைக்கவும் கேட்டார்கள். பிள்ளைகளிடம் கேட்டோம். "வேண்டாம்" என்றார்கள்.

மே மாதம் மீள்குடியேற்றம் தொடங்கியது. துணி யாருக்கு என்பதில் பெரிய சண்டை. கடைசியில் திராய்மடுப் பிள்ளைகளே விட்டுக்கொடுத்தார்கள்: படுவான்கரையில் பள்ளிக்கூடச் சுவர் இடிந்து கிடக்கிறது, வகுப்பில் வெயில் அடிக்கும், மறைப்புக்கு ஆகும் என்று. லொறியில் பாய், சட்டிபானைகளோடு அதையும் சுருட்டி ஏற்றினோம். எந்தப் பக்கம் வெளியே தெரியக் கட்ட வேண்டும் என்று அந்தச் சிறுமி பையனிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.