ரூக்கை மாத்தாம விட்ட அந்த ஒரு மூவ்

மார்ச் 7, 2025, வெள்ளி ராத்திரி
செஸ் டோர்னமென்ட்ல நாலாவது ரவுண்டு பேரிங் (யாரோட யாருங்கிற லிஸ்ட்) வந்துடுச்சு. எனக்கு பிளாக் (கருப்புக் காய்). எதிர்ல ரிட்டயர் ஆன ஒரு பேங்க் சார், ரேட்டிங் 1620, நான் 1540. ஓப்பனிங் (ஆரம்ப மூவ்கள்) எதையும் தொடல, ரூக் எண்டிங் (கடைசில ராஜா, ரூக்குங்கிற யானை, பானுங்கிற சிப்பாய் மட்டும் மிஞ்சுற கட்டம்) மட்டும் போர்டுல வெச்சுப் பாத்துட்டுப் படுக்கப் போறேன்.

மார்ச் 8, சனி
நாலு மணி நேரத்துக்கு மேல ஓடின கேம். காரோ-கான்ங்கிற ஓப்பனிங், 26வது மூவ்ல ஒரு பான் போச்சு, அப்புறம் தாக்குப்பிடிக்கிறது மட்டும்தான். கடைசில மிச்சம், அவருக்கு ராஜா டி5 கட்டத்துல, பான் இ5ல, ஒரு ரூக், எனக்கு ராஜா இ8, ரூக் பி6. பிலிடோர் பொசிஷனேதான், பான் கம்மியா இருக்கிறவர் டிரா பண்ணக்கூடிய பேர் போன நிலை! ரூக் ஆறாவது வரிசைல நிக்கிற வரைக்கும் அவர் ராஜா மேல ஏற முடியாது, பான் இ6 வந்ததும் ரூக்கை முதல் வரிசைக்கு இறக்கி பின்னாடிலேர்ந்து செக் குடுத்துக்கிட்டே இருக்கலாம், ராஜாவுக்கு ஒளிய இடமே கிடையாது.

ஆனா அவர் பானைத் தள்ளல. ரூக்கை டி6ல வெச்சார், மாத்திக்கோன்னு, அதாவது ரூக்குக்கு ரூக் வெட்டிக்கலாம்னு. என் கை ரூக்கு கிட்டயே போயிடுச்சு, தொட்டா ஆடியே ஆகணும், கையை இழுத்து தொடைக்கு அடில வெச்சுக்கிட்டேன். போன வருஷம் ஒரு டோர்னமென்ட்ல இப்படித்தான் மாத்தித் தோத்தேன். நான் அவர் ரூக்கை வெட்டி, அவர் பானால திருப்பி வெட்டினா நான் ராஜாவை டி7ல வெச்சு டிரா பண்ணிடுவேன், ராஜாவால வெட்டினா ராஜா ஆறாவது வரிசைல, பான் அதுக்குப் பின்னாடி, அப்புறம் யார் மூவா இருந்தாலும் நான் காலி. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப் 14வது கேம்ல சீனாவோட டிங் லிரன் 55வது மூவா ரூக்கை எஃப்2ல வெச்சதும் குகேஷ் ரூக்கை, பிஷப்பை எல்லாம் மாத்தி பான் எண்டிங்ல ஜெயிச்சது அப்ப கண்ணு முன்னாடி வந்துச்சு. மிச்சம் இருந்த 11 நிமிஷத்துல 7 நிமிஷம் இதுக்கே போச்சு. ரூக்கை பி1க்கு இறக்கிட்டேன்.

83வது மூவ்ல சார் டிரான்னு கையை நீட்டினார். "மாத்துவீங்கன்னு நெனச்சேன் தம்பி"ன்னார். அரை பாயிண்ட். ரேட்டிங்ல பெரிய லாபம் இல்ல, ஆனா நான் விளையாடினதுலயே எனக்குப் பிடிச்ச மூவ் இதுதான்.

மார்ச் 9, ஞாயிறு
ரவுண்டுக்கு முன்னாடி சார் ஒரு சின்ன போர்டோட என்னைத் தேடி வந்தார், ராத்திரி தூக்கமே இல்லையாம். ரூக் பி1 போனதும் அவர் ராஜா இ6 வந்திருந்தா? என் ரூக் இ1, அப்புறம் என் ராஜா எஃப்8, பானோட எந்தப் பக்கம் போர்டுல கட்டம் கம்மியோ அந்தப் பக்கமாத்தான் ஒதுங்கணும், ரூக் அகலமான பக்கத்துலேர்ந்து செக் குடுக்கணும். மாடிப்படியில உக்காந்து திரும்பத் திரும்ப வெச்சுப் பாத்தோம். ஆர்பிட்டர் (நடுவர்) கூப்பிட்டப்பவும் அவர் காயை எடுத்து வெக்கல.