சாட்சிக்கு எந்த வழி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தோப்பு வரப்பில் நடந்த அடிதடிக்கு நான் சாட்சி. சம்மன் வந்ததும் கிளம்பி, பத்து மணிக்கெல்லாம் நகரத்துப் புது நீதிமன்ற வளாகத்தில் போய் நின்றேன். வாசல் சோதனையில் என் பாக்குவெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பலகைகள் எல்லாம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க எழுத்துக்கூட்ட வேண்டும். மூன்றாவது மாடி என்று ஒரு வக்கீல் குமஸ்தாதான் காட்டிவிட்டார்.

கட்டடத்தின் சூட்சுமத்தையும் அவரே சொன்னார். உள்ளே மூன்று வழிகள். நீதிபதிகளுக்குப் பின்பக்கம் தனி லிஃப்ட். ஜெயிலிலிருந்து வருபவர்களுக்கு வேன் நிற்கும் இடத்திலிருந்தே தனிப் படி. மற்ற எல்லோருக்கும் முன்பக்கம். மூன்றும் சேரும் ஒரே இடம் கோர்ட் ஹால்தான். நல்ல யோசனை. சாய்தளமும் ஓர் அடி உயர 12 அடி நீளம் என்ற கணக்கில் இருந்தது. சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியைப் பேரன் ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு போனான்.

ஆனால் ஜாமீனில் இருக்கும் பிரதி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், வேனிலா வருவார்? என்னைப் போல பஸ்ஸில்தான். வராந்தாவில் இருந்ததோ ஒரே ஸ்டீல் பெஞ்சு. மற்றவர் சாட்சியம் காதில் விழக் கூடாது என்பதால் சாட்சி ஹாலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். வழக்கைக் கூப்பிடும் வரை பிரதியும் அங்கேதான். முழங்கால் இடிக்கிற தூரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங் மாமா, நேரத்துலயே வந்துட்டீங்களாட்ட இருக்குது?"

தலையை மட்டும் ஆட்டினேன். நாக்கு ஒட்டிக்கொண்டது.

பழைய ஓட்டுக் கோர்ட்டில் நாங்கள் மாமரத்தடியில் நிற்போம், அவர்கள் டீக்கடைப் பக்கம். டவாலி கூப்பிட்டால் இரண்டு பக்கமும் கேட்கும். யாரும் வரைபடம் போட்டு அமைத்த ஏற்பாடில்லை அது. குழந்தைகள் போன்ற சாட்சிகளுக்குத் தனி மையங்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது. இங்கும் கீழே அப்படி ஓர் அறை உண்டு. ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று நானும் கேட்கவில்லை. இன்னொரு பெஞ்சு, நடுவில் ஒரு சுவர், அவ்வளவு போதும்.

மூன்றரைக்குக் கூப்பிட்டார்கள். தமிழிலேயே சொன்னேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் பாக்குவெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனால், அங்கே அவர். அந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.