படலையடியில் நின்றவள்

பெப்ரவரி 9

நெல் காயப்போட்ட படங்கை ஆளுக்கொரு முனையாக இழுத்து மடிக்கும்போது தொடங்கியது. ஒன்றுவிட்ட தம்பியின் கடனுக்கு நான் பிணைக் கையெழுத்து வைத்த கதை எப்படியோ மனைவியின் காதுக்கு எட்டிவிட்டது. "ஒருநாளாவது என்னைக் கேட்டு ஒன்றைச் செய்திருக்கிறீர்களா?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரணைமடுக் குளக்கட்டுக்குப் போய், நன்றாக இருட்டும்வரை இருந்தேன்.

திரும்பியபோது படலையடியில் நின்றாள். என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். புட்டு மூடி வைத்திருந்தது.

கத்தாதவன், கை நீட்டாதவன் என்று ஊரில் எனக்குப் பெயர். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

பெப்ரவரி 12

இன்னும் பேச்சில்லை. மகள்தான் தபால்காரி. "உப்பு முடிந்துவிட்டது என்று அம்மா சொல்லச் சொன்னார்." வாங்கி வந்து அடுப்படியில் வைத்தேன். நன்றியும் மகள் வழியாகவே வந்தது.

பெப்ரவரி 15

வேறு அலுவலாகப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். அங்கே உளவளத்துணை உத்தியோகத்தராக இருப்பவர் என் பள்ளித் தோழனின் தங்கை. முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். "நான் சண்டையே பிடிப்பதில்லை, தங்கச்சி" என்றேன். "அதுவும் ஒரு சண்டைதான், அண்ணா" என்று சிரித்தார்.

அமெரிக்காவில் ஜோன் கொட்மன் என்ற உளவியலாளர், கணவன் மனைவியரை ஆய்வுகூடத்தில் உட்காரவைத்து, அவர்கள் வாக்குவாதப்படும்போது இதயத் துடிப்பையும் அளந்து பார்த்தவராம். உறவை அரிப்பவை என்று அவர் நான்கைச் சொல்கிறார்: நடந்த காரியத்தை விட்டுவிட்டு ஆளையே குறை சொல்வது, இளக்காரம், எதற்கும் சாக்குச் சொல்லித் தப்புவது, மதில்போல் ஆகிவிடுவது. இளக்காரம்தான் மிகக் கொடியது. மதிலாகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் மற்றவர் சொல்வது மண்டையில் ஏறாது. அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும்.

"அதற்குத்தானே குளக்கட்டுக்குப் போகிறேன்" என்றேன், கெட்டிக்காரத்தனமாக. "போங்கள். எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே இருந்து மனத்துக்குள் வழக்காடினால் அது ஓய்வும் இல்லை" என்றார்.

குளக்கட்டில் இருந்து நான் வேறென்ன செய்திருக்கிறேன்? அங்கே நடந்த எல்லா வழக்கிலும் வென்றவன் நான்தான்.

பெப்ரவரி 20

மாமி விடியவே கிளிநொச்சிக்குப் போய்விட்டார். காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017இல் கந்தசுவாமி கோவிலடியில் போராட்டம் தொடங்கிய நாள் இது. மகனின் படத்தை முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்ததைப் பார்த்தேன்.

2009 ஏப்ரலில், மாத்தளனில், எல்லோரும் கண்ணயர்ந்திருந்த நேரம் பங்கரை விட்டு வெளியே போனவன். ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவள் என் மனைவி. அப்போது அவளுக்குப் பதினேழு வயது.

இந்தக் கதையைப் பதினொரு வருடமாக அறிவேன். அவள் படலையடியில் நிற்பதையும் அத்தனை வருடமாகப் பார்க்கிறேன். இன்று மாலைவரை இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை.

பெப்ரவரி 26

தம்பி முதல் தவணையே கட்டவில்லை என்று கடிதம் வந்தது. அவள் வாசித்தாள். என் நெஞ்சு அடித்தது. கழுத்தில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணினேன்: 112. "என்ன, காய்ச்சலா?" என்றாள்.

"இப்போது பேசினால் பிழையாகப் பேசிவிடுவேன். குளக்கட்டுவரை போய்வருகிறேன். ஏழு மணிக்கு வீட்டில் நிற்பேன்."

சற்று நேரம் பார்த்தாள். "நடந்து போங்கள். பெட்ரோலாவது மிஞ்சட்டும்."

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்க வந்தேன். படலையடியில் யாரும் இல்லை. அடுப்படியில் தேங்காய் துருவும் சத்தம். "நீங்கள் எப்போதும்" என்று தொடங்கியவள் நிறுத்தினாள். பிறகு, "இருக்கிற இரண்டு ஏக்கரும் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள். முதலாவதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. இதற்கு இல்லை. "உம்மிடம் கேட்டிருக்க வேண்டும்" என்றேன்.

கடன் அப்படியே இருக்கிறது. தம்பதியரின் பிணக்குகளில் 69 வீதம் தீராமலே தொடர்பவை என்பதும் கொட்மன் கணக்குத்தான். என் சொந்தக்காரர் சங்கதி முழுவதும் அதற்குள் அடங்கும்.

மார்ச் 1

வயலால் வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. திறப்பு வழமையான இடத்தில். சீனிப் போத்தலின் கீழ் ஒரு துண்டு: "கோபம்தான். சோறு சட்டியில். விசுவமடுவுக்கு அக்காவிடம் போய்வருகிறேன். மூன்று மணி பஸ்ஸில் வருவேன்."

இரண்டரைக்கே பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றேன்.