டம்வாட்டர்: செப்டம்பர், அக்டோபர்

செப்டம்பர் 16

என் அமெரிக்க வேலை அனுமதி மனு இன்றும் 'நிலுவையில்' என்றுதான் காட்டுகிறது.

செப்டம்பர் 17

பாப்பாவைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்ட பிறகு வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. வேலை நாளில் பகல் பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பது இன்னும் பழகவில்லை. சரிவில் இறங்கி ஆற்றோரப் பூங்காவுக்குப் போய்விட்டேன். டம்வாட்டர் ஹிஸ்டாரிகல் பார்க். சின்னப் பூங்காதான். டெஷூட்ஸ் ஆறு, புல்வெளி, பிள்ளைகள் விளையாடச் சில சாமான்கள், பக்கத்திலேயே ஓயாமல் இரையும் ஐ-5 நெடுஞ்சாலை. எதிர்க்கரையில் 1906இல் கட்டிய பழைய பீர் ஆலையின் செங்கல் கோபுரம்.

1845இல் மிசூரியிலிருந்து மாட்டு வண்டிகளில் வந்த குடும்பங்கள் குடியேறிய இடம் இது. வாஷிங்டன் மாநிலத்தில் ப்யூஜெட் சவுண்ட் என்ற கடல் நுழைவாயின் பக்கம் அமெரிக்கர்கள் நிலையாகத் தங்கிய முதல் ஊர். அருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் வந்த மறு வருஷமே மாவு மில், அதற்கடுத்த வருஷம் மரம் அறுக்கும் மில். பூங்காவை ஒட்டி கிராஸ்பி வீடு நிற்கிறது, 1858இல் கட்டியது. பாடகர் பிங் கிராஸ்பியின் தாத்தா வீடு.

செப்டம்பர் 19

இரண்டு நாளாக ஒரே ஆளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜார்ஜ் புஷ். அந்த 1845 கூட்டத்தில் வந்தவர், கறுப்பினத்தவர். கையில் காசு இருந்தவர். கூட வந்த குடும்பங்கள் வண்டியும் சாமானும் வாங்கக் கைகொடுத்தவர். அவர்கள் ஒரிகானுக்குள் நுழையும்போது அங்கிருந்த தற்காலிக அரசு 1844இல் ஒரு சட்டம் போட்டிருந்தது: கறுப்பர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது, மீறினால் சாட்டையடி. பிறகு சாட்டையடிக்குப் பதில் கட்டாய உழைப்பு என்று மாற்றினார்கள்.

அவருடன் வந்தவர்கள் அவரை விட்டுவிட்டுப் போகவில்லை. கூட்டத்தின் தலைவர் மைக்கேல் சிம்மன்ஸ் முதற்கொண்டு எல்லோரும் கொலம்பியா ஆற்றைத் தாண்டி வடக்கே வந்தார்கள். அப்போது இந்தப் பக்கம் பிரிட்டிஷ்காரர்களின் ஹட்சன் பே கம்பெனியின் கைதான் ஓங்கியிருந்தது. ஒரிகான் சட்டம் இங்கே எட்டவில்லை. அருவிக்குத் தெற்கே, இப்போது புஷ் ப்ரேரி என்று சொல்லும் சமவெளியில் அவர் பண்ணை போட்டார்.

மறு வருஷமே, 1846இல், இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு எல்லையை 49ஆம் அட்சரேகைக்குத் தள்ளின. இந்த மண் அமெரிக்காவுக்கு வந்தது. சட்டத்துக்குத் தப்பி வந்த இடத்துக்குச் சட்டமும் பின்னாலேயே வந்துவிட்டது. 1850இல் குடியேறிகளுக்கு இலவச நிலம் தரும் சட்டம் வந்தபோது அது வெள்ளையருக்கும், வெள்ளையரும் பூர்வகுடியினரும் கலந்து பிறந்தவர்களுக்கும் மட்டும்தான். விளைந்து நிற்கிற வயல் அவருடையது, காகிதத்தில் அவருக்கு ஒன்றுமில்லை.

இரவு இரண்டு மணி வரை தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 22

அடுத்த மாத வாடகைக்குச் சேமிப்பிலிருந்து எடுத்தாயிற்று.

செப்டம்பர் 24

பூங்காவிலிருந்து ஆற்றோரமாகவே மேலே நடந்தால் அருவி. சால்மன் வந்துவிட்டது! அருவியைத் தாண்ட மீனால் முடியாது. 1950களில் ஓரமாகப் படிப்படியாகத் தொட்டிகள் கட்டி வழி செய்திருக்கிறார்கள். தொட்டிச் சுவரில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தேன். என் முழங்கை முதல் விரல் வரையிலான நீளத்தைவிடப் பெரிய மீன். வால் நுனி தேய்ந்து வெளுத்திருந்தது, முதுகில் சாம்பல் படை. ஆற்றுக்குள் வந்தபின் அது இரை எடுப்பதே இல்லை. ஒன்று எகிறிச் சிமெண்ட் விளிம்பில் மோதி அதே தொட்டியில் விழுந்தது. கொஞ்சம் ஒதுங்கி நின்று மறுபடி எகிறியது. தாண்டிவிட்டது. பக்கத்தில் நின்ற பாட்டி கை தட்டினார். நானும் தட்டினேன்.

செப்டம்பர் 27

அப்பாவிடம் போனில் புஷ் கதையைச் சொன்னேன். "பட்டா இல்லாமலா அத்தனை வருஷம் உழுதான்? எந்தத் தைரியத்துல விதைச்சான்?" என்றார். அப்புறம் என் வேலையைப் பற்றிக் கேட்டார். வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 1

மழை. குடை இல்லாமல் போனேன்.

முன்னோடிகள், முன்னோடிகள் என்று படித்துப் படித்து இன்று கோபம் வந்தது. இந்த ஆற்று வாயில் ஸ்டெஹ்சாஸ் மக்கள் காலங்காலமாக வாழ்ந்திருக்கிறார்கள். இன்றைய ஸ்குவாக்ஸின் தீவுப் பழங்குடியின் முன்னோர்கள் அவர்கள். 1854 டிசம்பர் 26 அன்று அமெரிக்க அரசோடு மெடிசின் க்ரீக் ஒப்பந்தம். இருபது லட்சம் ஏக்கருக்கும் மேலே போயிற்று, விலை 32,500 டாலர், அதுவும் இருபது வருஷத் தவணையில். அவர்களுக்கு ஒதுக்கியது துண்டு நிலம். புஷ் பக்கத்துப் பழங்குடியான நிஸ்குவாலிகளின் மொழி பேசினார், நோய் பரவியபோது அந்த மக்களுக்குப் பணிவிடை செய்தார் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அவர் கேட்டுக் காத்திருந்த நிலம் அவர்களிடமிருந்து போன நிலம்தான். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது. வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அக்டோபர் 4

நிலுவை.

அக்டோபர் 8

சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "அந்தாளுக்குக் கடைசியில கெடச்சுதா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

கிடைத்தது. 1855இல். இங்கிருந்த சட்டசபை மனுப் போட்டு, வாஷிங்டன் நகரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவர் ஒருவருக்காகவே தனிச் சட்டம் போட்டு, 640 ஏக்கர்.

"எத்தன வருஷம்?"

"பத்து."

அவள் பேசாமல் தயிரை ஊற்றிக்கொண்டாள். நான் 1852 பஞ்சத்தைச் சொன்னேன். அந்த வருஷம் புதிதாக வந்தவர்கள் பட்டினி கிடந்தபோது வியாபாரிகள் அவருடைய தானியத்தை மொத்தமாகக் கேட்டார்கள், நல்ல விலைக்கு. கொடுக்கவில்லை. பசித்து வந்தவர்களுக்கு அளந்து கொடுத்து, முடிந்தபோது திருப்பித் தாருங்கள் என்று அனுப்பினார். அப்போது அவருடைய வயலுக்குப் பட்டா இல்லை! விதைநெல்லை அடுத்தவனுக்குக் கொடுக்க நிலம் நம்மிடம் இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டாமா? அந்த மனுஷனுக்கு அது எங்கிருந்து வந்தது?

1863இல் இறந்தார். கடைசிவரை ஓட்டுரிமை இல்லை. அவர் மகன் வில்லியம் ஓவன் புஷ் 1889இல் இந்த மாநிலத்தின் முதல் சட்டசபையிலேயே உறுப்பினர்.

"உங்களுக்கும் வரும்," என்றாள். எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள்.

அக்டோபர் 10

வக்கீல் கூப்பிட்டார். மறுப்பு இல்லை, கூடுதல் ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். மூன்று வருஷச் சம்பளச் சீட்டு, பட்டச் சான்றிதழ், திட்ட மேலாளரின் கடிதம். சான்றிதழ் ஊரில் அப்பாவின் பீரோவில் இருக்கிறது. இப்போது அங்கே காலை ஆறரை, எழுந்திருப்பார். விஷயத்தை முழுதாகச் சொல்லித்தான் கேட்க வேண்டும். கூப்பிடுகிறேன்.